செங்கல்பட்டு கிராமத்திலிருந்து பெரம்பூர் மில் வாசல் வரை: தொழிலாளர்களுக்காக திரு.வி.க. செய்தது என்ன?

சென்னையில் திரு.வி.க. நகர் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக என்னவெல்லாம் சந்தித்தார் என்பது பலருக்குத் தெரியாது. யார் இந்த திரு.வி.க.?

தேர்வை விட்ட மாணவன்

1883 ஆகஸ்ட் 26-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர் திருவாரூர் விருத்தாசலம் கல்யாணசுந்தரம். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தபோது, தன் ஆசிரியர் கதிரைவேற் பிள்ளைக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனார். அதனால் தேர்வு எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. ஸ்பென்சர் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு வெஸ்லியிலேயே தமிழாசிரியர் ஆனார். 1917-ல் அந்த வேலையையும் விட்டுவிட்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார்.

மில்லுக்கு வந்தவர்கள் யார்?

1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை, சென்னை நகருக்குள் வடக்குக் கால்வாயோடு இணைத்த பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அதே காலகட்டத்தில் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் எழுந்தன. செங்கல்பட்டு உள்ளிட்ட சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலமில்லாத மக்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். அமெரிக்காவின் லோவெல் நகர நெசவாலைகளுக்கு, பஞ்சத்தில் ஊரைவிட்ட ஐரிஷ் மக்கள் வந்த கதையும் இதேதான்.

ஆனா மில் வாழ்க்கை சுலபமாக இல்லை. நீண்ட வேலை நேரம், அவசர அவசரமாக முடிக்க வேண்டிய சாப்பாடு, கொஞ்சம் தாமதமானாலும் சாத்தப்படும் கேட்.

முதல் சங்கம்

1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக இதுவே கருதப்படுகிறது. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு ஆகியோர் முயற்சி எடுக்க, பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவர். மேடையில் செந்தமிழ் பேசியவர், தொழிலாளிக்குப் புரியும் தமிழில் உரிமையைப் பற்றிப் பேசினார். இரண்டு பிள்ளைகளை ஏற்கெனவே பறிகொடுத்திருந்த அவர், அதே ஆண்டில் மனைவியையும் இழந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1921: சங்கம் தோற்ற ஆண்டு

1920 டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கம்பெனி தொடுத்த வழக்கின் நெருக்கடியில் வாடியா விலகினார். சுமை திரு.வி.க. தோளுக்கு வந்தது.

1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. பட்டினியைத் தாங்க முடியாத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். விளைவு, ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள் சாதியாகப் பிரிந்து மோதினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் மீண்டும் துப்பாக்கிச்சூடு, மீண்டும் உயிர்ப்பலி. நாடு கடத்த நேரிடும் என்று ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை எச்சரித்தார். அவர் பின்வாங்கவில்லை. ஆனாலும் போராட்டம் தோற்றது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பசியும் சாதியும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய சங்கமும் உடையும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

அப்போ எல்லாம் வீணா?

இல்லை. வாடியா மீதான வழக்கு, சட்டப் பாதுகாப்பு இல்லாத சங்கம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியது. அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளின் விளைவாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. திரு.வி.க.வும் ஒதுங்கிவிடவில்லை. 1947-ல் மீண்டும் மில் போராட்டம் வெடித்தபோது வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். வைத்தது வெள்ளைக்கார ஆட்சி அல்ல. அவர் பல காலம் உழைத்த காங்கிரஸ் கட்சியின் மாகாண அரசு. அப்போது அவருக்கு வயது 63.

கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது, எழுத்து நிற்கவில்லை. 1953 செப்டம்பர் 17-ல் காலமானார். மில்களும் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. வாசலில் நின்று பேசியவரின் பெயர் மட்டும் வடசென்னையில் இன்றும் இருக்கிறது.