வேங்கடமகி

மேளகர்த்தா 72 என்று மனனஞ் செய்யும் மாணவர் பலர். அவற்றை வகுத்த பெரியாரின் வரலாறறிந்தார் சிலரே. வேங்கடேசுவர தீக்ஷிதர் என்பது அவர் இயற்பெயர். வேள்வி செய்தமைபற்றி வேங்கடமகி எனப்பட்டார். தந்தையார் கோவிந்த தீக்ஷிதர், தஞ்சை நாயக்க மன்னரின் மந்திரி. சங்கீத குரு தானப்பாசாரியார். விஜயராகவ நாயக்கர் வேண்டுகோட்கிணங்கிச் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை வடமொழியில் இயற்றினார்.

சுவரஸ்தானம் 12, பெயரோ 16. ஒரு ஸ்தானத்துக்கு இரு பெயர் எதற்கு? மிஷன் பாடசாலையிலே பியானோவின் கறுப்புக் கட்டை ஒன்றுக்கே இரு பெயர் சொல்லித்தந்தபோது யான் திகைத்ததுண்டு. காரணம் விளங்கியது இவர் முறையை ஓதியபின்னரே. மேளமொன்றில் ஏழு சுவரமும் ஒவ்வொன்றாய் நிற்றல்வேண்டும். ஆர்மோனியத்திலே ஷட்ஜத்தை முதற்கட்டையாகக் கொள்க. மூன்றாங் கட்டை சங்கராபரணத்தில் ரிஷபம். முதலாம் மேளத்திலோ, இரண்டாங் கட்டையே ரிஷபமாதலின், அதே மூன்றாங் கட்டை சுத்த காந்தாரமாம். கட்டையை மாத்திரம் நோக்கி அதனையும் ரிஷபமென்றெழுதினால் ரிஷபம் இரண்டாகும், காந்தாரம் ஒழியும். இப்பிழையை எத்தனையோ ஏடுகளிற் சிவப்பு மையாலே திருத்தியிருக்கிறேன்.

இம்மயக்கந் தீர அவர் கண்ட வழி மிக எளிது. ர, ரி, ரு, க, கி, கு, ம, மி, த, தி, து, ந, நி, நு என வைத்தார். உயிர் மாறினால் ஸ்தானம் மாறும். மெய் மாறாமையாற் சுவரத்தின் பெயர் கெடாது. எழுத்திலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதனினும் இனியது யாது? ரிஷப காந்தாரச் சேர்க்கை 6, தைவத நிஷாதச் சேர்க்கை 6, மத்திமம் 2. பெருக்க 72 ஆயின.

அவர் காலத்தில் வழங்கியவை 19 மேளங்களே. எஞ்சியவை வீணென்பார்க்கு, யாப்பு நூலார் வழங்காத விருத்தங்களையும் எண்ணிவைத்தலை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். இத்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ சிவபெருமானாலும் ஆகாதென்றும் எழுதிவிட்டார்! கணக்கு மெய்யே, கூற்று நம் செவிக்குக் கைக்கின்றது. 1550 இல் நூல் செய்த இராமாமாத்தியரை வன்மையாய் இகழ்ந்ததும் அத்தகையதே. ஆயினும் திருவாரூர்த் தியாகேசர்மீது இவர் கீதங்கள் பாடினாரென்பர்.

1673 இல் விஜயராகவர் போரில் மடியத் தஞ்சை நாயக்கராட்சி வீழ்ந்தது. நூலோ வழித்தோன்றல்களிடம் தங்கியது. அவருள் ஒருவராகிய வேங்கட வைத்தியநாத தீக்ஷிதரிடம் பயின்றவர், முத்துசுவாமி தீக்ஷிதரின் தந்தையார் இராமசுவாமி தீக்ஷிதர். சென்னைச் சங்கீத வித்துவ சபையார் 1934 இல் நூலை அச்சிட்டபோது, தாளங் கூறும் பத்தாம் பிரகரணம் கிடைத்திலது.