ஸர் ராபர்ட் போர்டன்

கனடாவின் உரிமையை வாதாடிப் பெற்றவர்களுள் ஸர் ராபர்ட் போர்டன் முதன்மையானவர். 1854-ல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, உபாத்தியாயராயிருந்து, வக்கீலாகி, 1911-ல் பிரதம மந்திரி பதவி எய்தினார்.

1914-ல் லண்டன் யுத்தப் பிரகடனம் செய்ததும் கனடாவும் அதற்குக் கட்டுப்பட்டது. 60,000-க்கு மேற்பட்ட கனடியர் மாண்டனர். படை அனுப்பும் நாட்டிற்கு ஆலோசனையிலும் பங்கு வேண்டுமென்று போர்டன் வற்புறுத்தினார். டொமினியன்கள் சுயாட்சியுள்ள நாடுகளே என்று 1917-ம் வருஷத்து சாம்ராஜ்ய யுத்த மகாநாடு தீர்மானித்தது. 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கனடாவின் மந்திரிகள் தம் நாட்டின் பெயராலேயே கையொப்பமிட்டனர். 1931-ல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த அந்தஸ்தை உறுதிப்படுத்திற்று.

ஆயினும், சமத்துவம் கோரிய அவரது ஆட்சியிலேதான், 1914-ல் கோமகதா மாரு கப்பலில் வந்த 376 இந்தியருள் பெரும்பாலோர் வான்கூவரில் கரையிறங்க விடாமல் திருப்பியனுப்பப்பட்டனர். இக்களங்கத்தை மறைப்பது நேர்மையாகாது.

1937-ல் போர்டன் காலமானார். இரண்டாண்டு கழித்து மீண்டும் யுத்தம் மூண்டபோது, கனடா தன் பார்லிமெண்டைக் கலந்து, பிரிட்டனுக்கு ஏழு நாள் பின்னர், தானே பிரகடனம் செய்தது. இந்தியாவையோ வைஸ்ராய் ஒருவரே யுத்தத்தில் பிணைத்தார். முந்திய யுத்தத்தில் இரு நாடுகளும் இரத்தம் சிந்தியிருந்தன. ஜனங்களுக்குப் பொறுப்பான மந்திரிசபை இருந்த நாடே அதன் பயனைக் கேட்டுப் பெற்றது.