உமார் கய்யாமை ஆங்கிலமாக்கிய எட்வேட் பிற்ஸ்ஜெரால்ட்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தமிழில் தந்த உமார் கய்யாம் பாடல்களைச் சுவைத்தோர் நம்மிற் பலர். கவிமணியவர்கள் தழுவியது பாரசீக மூலத்தையன்று. எட்வேட் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் ஆங்கிலேயர் ஆக்கிய மொழிபெயர்ப்பையே. அம்மொழிபெயர்ப்பின் புகழ் உலகெங்கும் பரவியது. அதனை ஆக்கியோனின் வாழ்க்கையை அறிந்தோரோ சிலரே. அவர் எப்பதவியும் வகித்திலர், எத்தொழிலும் புரிந்திலர். கோடைதோறும் கடலை நாடிச் சென்றார். முன்னர்ப் படித்த நூல்களையே மீட்டும் மீட்டும் படித்தார். இத்தகைய வாழ்வு வீண்வாழ்வோ என்னும் வினாவிற்கு விடை காண்பது மாணவ உலகிற்குப் பயன்தருமென நாம் கருதுகின்றோம்.

பிற்ஸ்ஜெரால்ட் 1809 ஆம் ஆண்டு மார்ச்சு 31 ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்க்கரையை அடுத்த சவ்வொக் மாகாணத்தில், வூட்பிறிட்ஜ் என்னும் ஊரின் அருகே, பெருஞ்செல்வக் குடியிற் பிறந்தார். பெறி சென் எட்மன்ஸ் நகரத்துப் பாடசாலையிற் பயின்றகாலை, ஜேம்ஸ் ஸ்பெடிங், வில்லியம் டொன் ஆகியோரை நண்பராகப் பெற்றார். பள்ளியில் அரும்பிய அந்நட்பு அறுபதாண்டு வாடாது நின்றது. 1826 இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியை அடைந்து, பின்னாளிற் பெருநாவலாசிரியராய் விளங்கிய தக்கரேயின் தோழமையைப் பெற்றார். கவிஞர் ரெனிசனும் பிற்காலத்தில் அவர்க்கு உயிர்நண்பரானார். தோழர் யாவரும் புகழேணியில் ஏற, இவர் மட்டும் கிராமக் குடிலொன்றில் நூல்களோடும் பூச்செடிகளோடும் அமைதியாக வாழ்ந்தார்.

அவ்வமைதியைப் பயனுடையதாக்கியவர் எட்வேட் கவெல் என்னும் இளைஞர். தம்மினும் பதினேழாண்டு இளையவரான கவெலையே ஆசிரியராகக் கொண்டு, நாற்பது வயது கடந்த பின்னர்ப் பாரசீகம் பயிலத் தொடங்கினார் பிற்ஸ்ஜெரால்ட். 1856 இல் ஒக்ஸ்போட் நூல்நிலையத்தில் உமாரின் பாடல்கள் அடங்கிய கையெழுத்துப் பிரதியொன்றைக் கண்ட கவெல், அதனைப் படியெடுத்து நண்பர்க்கு அளித்துவிட்டு, அவ்வாண்டிலேயே கல்கத்தாவிற்குப் பேராசிரியராகச் சென்றார். அதே ஆண்டில் பிற்ஸ்ஜெரால்ட் செய்துகொண்ட திருமணம் சில திங்களில் முறிவுற்றது. நண்பர் கடல் கடந்தார், இல்லறம் கலைந்தது. அத்துயர நாள்களில் உமாரின் பாடல்களே அவர்க்குத் துணையாயின.

1859 இல், எழுபத்தைந்து செய்யுள்கொண்ட சிறு நூல், ஆசிரியர் பெயரின்றி, 250 பிரதிகளாக அச்சேறியது. வாங்குவார் இலர். ஒரு சிலின் விலையிட்ட நூல், ஈற்றில் இலண்டன் நூற்கடையொன்றின் வாயிலில் ஒரு பென்னிக்கு விற்கும் பெட்டியில் இடப்பட்டது. 1861 இல் தற்செயலாக அதனைக் கண்டெடுத்தோர் வழியாகக் கவிஞர் ரொசெற்றி முதலியோர் அதன் அருமையை உணர்ந்தனர்.

நூலாசிரியரோ இவற்றைப் பொருட்படுத்தாது கடலை நாடினார். 1863 இல் தமக்கெனப் பாய்க்கப்பலொன்று கட்டுவித்து, அதற்கு வம்பு எனப் பொருள்படும் ஸ்கண்டல் என்னும் பெயரை இட்டார். தம் ஊரில் மிகுதியாக விளையும் பொருள் வம்பே என்பது அவர் நகைச்சுவை. கோடை பிறந்ததும் டெபன் ஆற்றின் வழியே கடலிற் புகுந்து, ஓல்ட்பறோ, லோஸ்ரொவ்ற் முதலிய கரையூர்களுக்குச் செல்வார். கப்பலில் அவருடன் செல்வன பழைய நூல்களே. 1605 இலும் 1615 இலும் இரு பகுதிகளாக வெளிவந்த செர்வாந்தேசின் டொன் குவிக்ஸோற்றை ஸ்பானிய மூலத்திலேயே அலைகளின் நடுவே படித்து இன்புறுவார். கவெல் இந்தியாவினின்று மீண்ட பின்னர், லோஸ்ரொவ்ற் கரையில் இருவரும் கூடியிருந்து அதே நாவலை ஒருங்கு படித்தனர். முன்னே நூலால் இணைந்தோர் மீண்டும் நூலாலேயே இணைந்தனர்.

ரிச்சட்சனின் கிளரிசா என்னும் மிக நீண்ட நாவலிலும் அவர்க்குத் தீராக் காதல். 1860 இல் வெளிவந்த விற்கி கொலின்சின் வெண்ணிற ஆடைப் பெண் பற்றிய நாவலைப் பன்முறை படித்ததோடமையாது, அதன் தலைவியரில் ஒருத்தியின் பெயரை மீன்பிடி வள்ளமொன்றிற்கு இடவும் எண்ணினார். நூல்களில் தமக்கு உவந்த பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கட்டுவித்துக்கொள்ளும் விந்தைப் பழக்கமும் அவரிடம் இருந்தது. எனினும் ஜேன் ஒஸ்ரினையும் ஜோர்ஜ் எலியற்றையும் அவரால் விரும்ப இயலவில்லை. பழமையிற் காதல் கொண்டார்க்கு நேரும் குறை இதுவென்க.

லோஸ்ரொவ்ற்றில் ஜோசப் பிளெச்சர் என்னும் இளமீனவருடன் நட்புக்கொண்டு, 1867 இல் அவரோடு பங்குச் சம்மாட்டியாகி, வள்ளமொன்றை ஹெரிங் மீன்பிடிக்கு விட்டார். என்னுடையதும் உன்னுடையதும் என இலத்தீனிற் பொருள்படும் பெயர் அதற்கு அமைந்தது. கூட்டு வாணிகம் நட்டத்தில் முடிந்தது. ஆயினும் அம்மீனவரின் உருவத்தை ஓவியமாகத் தீட்டுவித்து, ரெனிசன், தக்கரே ஆகியோரின் படங்களுக்கு ஒப்ப மதித்தார்.

முதுமையிற் கண்ணொளி குன்றவே, ஊர்ச் சிறுவரை மாலைதோறும் அழைத்து நாவல்களைப் படிப்பித்துக் கேட்டார். சேர் வால்ற்றர் ஸ்கொட்டின் கதைகளைக் கேட்டு முடிக்குந்தோறும், இனியொருமுறை இதனைக் கேட்க வாழ்நாள் வாய்க்குமோ என்னும் ஏக்கம் அவரைப் பற்றியது. பயணத்தை விரும்பாத அவர், 1874 இல் ஸ்கொட் வாழ்ந்த அபொட்ஸ்போட் இல்லத்தைக் காணவென்றே ஸ்கொத்லாந்து சென்று மீண்டார்.

1881 இல் ஸ்பெடிங்கும் மறு ஆண்டில் டொன்னும் இறந்தனர். 1883 யூன் 14 ஆம் நாட்காலை, நோவொக் மாகாணத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்தினராயிருந்த பிற்ஸ்ஜெரால்ட் உறக்கத்திலேயே உயிர் நீத்தமை காணப்பட்டது. பூல்ஜ் தேவாலய வளவில் அமைந்த அவர் கல்லறையருகே, உமார் துயிலும் நிஷாப்பூரிலிருந்து வந்த விதையின் வழித்தோன்றிய ரோசாச் செடி 1893 இல் நடப்பட்டது.

அவர் வாழ்வு வீணன்று என்பதே நம் துணிபு. பிறர் நூலை மீட்டும் மீட்டும் படித்தவர் தம் நூலையும் அவ்வாறே போற்றினார். 1859 இல் எழுபத்தைந்தாயிருந்த செய்யுள்கள் 1868 இல் நூற்றுப்பத்தாயின. 1872 இல் நூற்றொன்றாகச் சுருங்கின. 1879 இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலும் சொற்கள் செப்பமுற்றன. இருபதாண்டு ஒரு சிறு நூலை இழைத்தவரைச் சோம்பர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

அவர்க்கு வாய்த்த செல்வமும் ஓய்வும் நமக்கு வாய்த்தில. பரீட்சை நோக்கி ஒருமுறை விரைந்து படித்து, பின்னர் ஏட்டைக் கட்டிவைத்தலே நம்மிற் பெரும்பாலார் இயல்பு. பயிலப் பயில இனிக்கும் நூலின் நயத்திற்குப் பண்புடையார் நட்பினை ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுண்மைக்கு உருவாய் வாழ்ந்தவர் இவ்வாங்கிலேயர். ஆதலின் மாணவ நண்பர்காள், அடுத்த விடுமுறையிற் கடற்கரைக்குச் செல்லுங்கால், முன்னர்ப் படித்து மகிழ்ந்த நல்ல நூலொன்றையே உடன்கொண்டு செல்வீராக. பழைய மாணவராகிய நாமும், பல்லாண்டு காணாத பள்ளித் தோழர்க்கு இம்மலரைக் கண்ட நாளிலேயே ஒரு கடிதம் வரைவோமாக.