சங்கைக்குரிய பேதா



உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். நம் ஆண்டவர் மனுஷாவதாரம் எடுத்ததிலிருந்து ஆண்டுகளை எண்ணும் இந்த முறையை வகுத்தவர், 6-ம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த தியோனீசியுஸ் என்னும் சந்நியாசி. அதை ஒரு பெரிய சரித்திர நூலில் முறையாகக் கையாண்டு, ஐரோப்பாவில் பரவச் செய்தவர் இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்த வேறொரு சந்நியாசி. அவரே சங்கைக்குரிய பேதா. சரித்திர ஆசிரியர் என்றே உலகம் அவரை அறியும். அவரோ தம் வாழ்நாளெல்லாம் வேதாகமத்தைப் படிப்பதிலும் படிப்பிப்பதிலும் கழிந்ததாகவே எண்ணியிருந்தார்.

அவர் பிறந்தது 673-ம் ஆண்டு வாக்கில். ஏழு வயதில் உறவினர் அவரைப் பெனடிக்ட் பிஸ்கோப் என்னும் மடாதிபதியிடம் ஒப்படைத்தார்கள். அன்று முதல் சாகும்வரை வேர்மவுத், ஜாரோ என்ற இரட்டை மடமே அவருக்கு வீடு. 686-ல் கொள்ளைநோய் வந்து ஜாரோ மடத்தைச் சூறையாடியது. கட்டளை செபத்தை முறைப்படி பாடத் தெரிந்தவர்களில் மடாதிபதி செயோல்பிரித்தும் ஒரு சிறுவனும் மட்டுமே மிஞ்சினார்கள். இருவரும் கண்ணீரோடு ஒரு வாரம் செபங்களைச் சுருக்கிப் பார்த்தார்கள், மனம் பொறுக்கவில்லை. மறுபடியும் முழுவதையும் இரண்டு குரலாகவே பாடத் தொடங்கினார்கள். சிறுவனின் பெயரை அக்காலத்து நூல் சொல்லவில்லை. அவன் பேதாதான் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பெனடிக்ட் பிஸ்கோப் உரோமைக்குப் பலமுறை பயணம் போய், புத்தகங்களைச் சுமந்து வந்தவர். அச்சு இயந்திரம் இல்லாத காலம். ஒரு புத்தகம் என்றால் ஒரு மந்தைத் தோல், மாதக்கணக்கான கையெழுத்து வேலை. செயோல்பிரித் தம் காலத்தில் வேதாகமம் முழுவதையும் மூன்று பெரும் பிரதிகளாக எழுதுவித்தார். அவற்றில் ஒன்றைப் பாப்பரசருக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு 716-ல் புறப்பட்ட அவர், வழியிலேயே பிரான்சு நாட்டு லாங்கர் பட்டணத்தில் இறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்களுடன் ஏறத்தாழ 34 கிலோ எடையுள்ள அந்தப் பிரதி இன்று பிளாரன்சு நகர நூலகத்தில் இருக்கிறது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இலத்தீன் வேதாகமப் பிரதிகளில் அதுவே மிகப் பழமையானது.

இத்தனை புத்தகங்களின் நடுவே வாழ்ந்த பேதாவின் கவலையெல்லாம், அவை கிடைக்காத மனிதரைப் பற்றியது. 19 வயதில் தியாக்கோன் பட்டமும் 30 வயதில் குருப்பட்டமும் பெற்ற அவர், அதன்பின் வேத வியாக்கியானங்களை எழுதத் தொடங்கினார். ஆதியாகமம், சாமுவேல், தோபியாஸ், மாற்கு, லூக்காஸ், அப்போஸ்தலர் பணி என்று வரிசை நீண்டது. அர்ச். அகுஸ்தீன் போன்ற பிதாக்களின் பெரிய நூல்களை வாங்கவோ விளங்கிக்கொள்ளவோ இயலாத தம் நாட்டுக் குருக்களுக்கு அவற்றின் சாரத்தைச் சுருக்கித் தந்தார். எந்தக் கருத்து யாருடையது என்பதைக் காட்ட, ஓரத்தில் அந்தப் பிதாவின் பெயரெழுத்துக்களைக் குறித்தார்; பிரதி எடுப்பவர்கள் அக்குறிகளை விட்டுவிட வேண்டாம் என்றும் மன்றாடினார். பிரசங்கம் செய்யும் எங்களைப் போன்றவர்கள் இதைச் சற்றுக் கவனித்துக்கொள்வது நல்லது. வயதானபின் கிரேக்க மொழியில் தேர்ச்சி அடைந்து, அப்போஸ்தலர் பணிக்குத் தாம் முன்பு எழுதிய வியாக்கியானத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, அத்திருத்தங்களைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

இந்த நேர்மை அவருக்கு வம்பையும் கொண்டுவந்தது. உலக சரித்திரம் ஆறு யுகங்கள் கொண்டது, யுகத்துக்கு ஆயிரம் ஆண்டு, ஆகவே உலக முடிவு இன்னும் நூறு ஆண்டுக்குள் வந்துவிடும் என்று அக்காலத்தில் பலர் கணக்குப் போட்டுப் பயந்திருந்தார்கள். எழுபதின்மர் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பின்படி, உலக சிருஷ்டிப்புக்கும் ஆண்டவரின் பிறப்புக்கும் இடையே 5,000 ஆண்டுக்கு மேல். பேதாவோ எபிரேய மூலத்திலிருந்து அர்ச். எரோணிமுஸ் பெயர்த்த பாடத்தைப் பின்பற்றி 3,952 ஆண்டு என்று 703-ல் எழுதினார். 708-ல் வில்பிரிட் மேற்றிராணியாரின் விருந்தில் குடித்திருந்த சிலர், பேதா பதிதன், ஆண்டவர் ஆறாம் யுகத்தில் வந்ததை மறுக்கிறான் என்று தூற்றினார்கள். குருவானவர் ஒருவருக்கு இதைவிடக் கொடிய பழி உண்டா? செய்தி கேட்டுப் பேதா திடுக்கிட்டுக் கொதித்துப்போனார். தம் நியாயத்தை விளக்கி நீண்ட கடிதம் எழுதி, அதை மேற்றிராணியாரின் முன் வாசிக்கச் செய்யும்படி வேண்டிக்கொண்டார். ஆனால் எண்ணை மாற்றவில்லை. 725-ல் எழுதிய காலக் கணித நூலிலும் அதையே நிலைநாட்டினார். உலக முடிவின் நாளை எவரும் கணக்கிட முடியாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இன்று உலகத்தின் வயதை எவரும் இவ்விதம் கணிப்பதில்லை. ஆயினும் பயத்தைப் பரப்பிய கூட்டத்தின் எதிரே ஏட்டைக் காட்டி நின்ற அவர் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இறப்பதற்கு முந்திய ஆண்டு, 734-ல், யார்க் நகர மேற்றிராணியார் எக்பெர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருஷக்கணக்காக மேற்றிராணியார் முகத்தையே காணாத குக்கிராமங்கள் உண்டு, வரி வசூல் மட்டும் அங்கே தவறுவதில்லை என்று ஒளிக்காமல் குறைகூறினார். இலத்தீன் அறியாத எளியவருக்கு விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் சொந்த மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்றார். படிப்பறிவு குறைந்த குருக்கள் பலருக்கு அவரே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்திருந்தார்.

735-ல் மூச்சுமுட்டும் நோய் கண்டது. அதோடேயே அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஆரோகணத் திருநாளுக்கு முந்திய நாள், தம் சிறு பெட்டியில் இருந்த மிளகு, கைத்துணி, சாம்பிராணி ஆகியவற்றை மடத்துக் குருக்களுக்குப் பங்கிட்டு, தமக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த மிளகு நம் தென்னாட்டு மேற்குக் கரையில் விளைந்து கடல் கடந்து போனதாகவே இருக்கவேண்டும். மாலையில், எழுதிக்கொண்டிருந்த சிறுவன் இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருப்பதாகச் சொன்னான். பேதா அதையும் சொல்ல, அவன் எழுதி முடித்தான். பிறகு தாம் வழக்கமாக செபம் செய்யும் இடத்தை நோக்கித் தம்மை உட்காரவைக்கச் சொல்லி, அறைத் தரையில் அமர்ந்தபடியே திரித்துவத் துதியைப் பாடி உயிர்விட்டார்.

ஐந்து வாற்கோதுமை அப்பங்களை வைத்திருந்த சிறுவனைப் பற்றிய இடம் வரையில் அந்த மொழிபெயர்ப்பு வந்திருந்ததாக அவருடைய சீடர் கத்பர்ட் எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு தாளும் இன்று நமக்கு மிஞ்சவில்லை. பேதாவின் கல்லறை டர்ஹாம் பேராலயத்தில் இருக்கிறது. 1899-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் அவரைத் திருச்சபையின் வேதபாரகராக அறிவித்தார். முன்பு மே 27-ல் கொண்டாடப்பட்ட அவர் திருநாள், இப்போது மே 25-ல் வருகிறது.