மர்மக் காய்ச்சலில் துப்பு துலக்கிய சென்னை டாக்டர்!

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013-ல் ஆரம்பித்தது. அங்கே டாக்டருக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும் ஒரு பெயரை நெட்டுருப் போடாமல் பரீட்சை எழுத முடியாது. அந்தப் பெயர் டோனவான்.

ஏதோ சீமையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்த துரை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வேலை பார்த்தது சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில். பாடம் சொல்லிக் கொடுத்தது அதை ஒட்டியுள்ள மருத்துவக் கல்லூரியில். பிறகு ராயப்பேட்டை ஆஸ்பத்திரி 1911-ல் கட்டப்பட்டபோது அதற்கு முதல் சூப்பரின்டெண்டெண்டும் அவர்தான். நம்மூரிலிருந்து பஸ் ஏறி, கையில் எக்ஸ்ரே கவரோடு ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் இந்த ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

கல்கத்தாவில் பிறந்தவர்

சார்லஸ் டோனவான் பிறந்தது 1863 செப்டம்பர் 19-ந் தேதி, கல்கத்தாவில். அப்பா ஜட்ஜ். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். வட இந்தியாவில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, பிறகு தாத்தா வீட்டுக்கு அயர்லாந்து போனார். அங்கேயே டாக்டர் படிப்பு. 1889-ல் டப்ளின் நகரத்தில் பட்டம் வாங்கினார். 1891-ல் இந்திய மெடிக்கல் சர்வீசில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே உத்தியோகத்தில் திரும்பினார். ராணுவத்தோடு பர்மா பக்கம் எல்லாம் சுற்றிவிட்டு 1898-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர் வேலை. கூடவே பெரியாஸ்பத்திரி வார்டும் அவர் பொறுப்பு.

காலையில் வார்டு, அப்புறம் கிளாஸ் என்று சுமார் இருபது வருஷம் அவர் சென்னையில் ஓட்டினார். முத்துலட்சுமி ரெட்டி 1907 முதல் 1912 வரை அந்தக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்ததும் இவர் இருந்த காலத்தில்தான்.

வயிறு பானை, கால் குச்சி

அந்த நாளில் சென்னையில் ஒரு காய்ச்சல் உலவியது. பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய கறுப்பர் பட்டணத்துச் சந்துகளில் அது அதிகம் தென்பட்டது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மாசக்கணக்கில் விடாது. ஆள் இளைத்துக்கொண்டே போவான். கை கால் குச்சியாகிவிடும். வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்துவிடும். தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்லு மாதிரி இறங்கியிருக்கும். வலது பக்கம் கல்லீரலும் வீங்கியிருக்கும். ரத்தம் வற்றிவிடும். கடைசியில் சீதபேதியோ சளிக் காய்ச்சலோ வந்து ஆளை முடித்துவிடும். இந்த நோய் முற்றியவர்கள் பிழைப்பது அபூர்வம்.

டாக்டர்கள் இதற்கு வைத்த பெயர் நாள்பட்ட மலேரியா. கொடுத்த மருந்து கொய்னா. கொய்னாவை டம்ளர் டம்ளராக ஊற்றினாலும் காய்ச்சல் அசையவில்லை.

வங்காளத்திலும் அசாமிலும் இதே நோய் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்தது. தோல் கறுத்துப் போவதால் அங்கே அதற்குக் காலா அசார், அதாவது கறுப்பு நோய் என்று பெயர். இது என்ன என்று பார்த்துச் சொல்லும்படி சர்க்கார் ஒருவரை அனுப்பியது. அவர் சாதாரண ஆள் இல்லை. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ். 1902-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவரே 1899-ல் அசாம் நோயைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதுவும் மலேரியா கேஸ்தான் என்று எழுதிவிட்டார். பெரியவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஊரே வாயை மூடிக்கொண்டது.

டோனவானுக்கு மட்டும் அது ஒத்து வரவில்லை. அவர் கையில் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. இந்த நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மலேரியாக் கிருமி அகப்படவில்லை. ஆள் சாகக் கிடக்கிறான், குற்றவாளி இடத்தில் இல்லை. அப்படியானால் பிடித்து வைத்திருப்பது தப்பான ஆள் என்றுதானே அர்த்தம்?

உயிருள்ள உடம்பில் ஊசி

1903 ஏப்ரல் 9-ந் தேதி, இந்தக் காய்ச்சலில் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதனை செய்தபோது, மண்ணீரலில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். முட்டை வடிவத்தில் குட்டிக் குட்டி உருவங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புள்ளி, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. என்ன ஜந்து என்று தெரியவில்லை. செத்த உடம்பில் அழுகல் ஆரம்பித்தாலே என்னென்னவோ தெரியும். ஆகையால் கோர்ட்டில் நிற்கிற சாட்சியம் ஆகாது.

இதற்கு இடையில் இங்கிலாந்தில் வேறு ஒரு சங்கதி நடந்தது. வில்லியம் லீஷ்மேன் என்ற ராணுவ டாக்டர், கல்கத்தா பக்கத்தில் டம்டம் பாசறையில் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதே உருவங்களை 1900-ம் வருஷமே பார்த்திருந்தார். (டம்டம் குண்டு என்று துப்பாக்கி ரவைக்குப் பெயர் வந்ததும் அதே ஊரால்தான். இப்போது கல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அங்கேதான்.) பார்த்தவர் மூன்று வருஷம் வெளியே சொல்லவில்லை. 1903 மே மாதம்தான் பத்திரிகையில் எழுதினார். அதுவும், இவை டிரிப்பனசோம் என்ற வேறொரு கிருமி செத்துச் சிதைந்த மிச்சமாக இருக்கலாம் என்றே எழுதினார்.

அந்தப் பத்திரிகை கப்பல் ஏறி சென்னைக்கு வந்தது. டோனவான் படித்தார். தான் ஏப்ரலில் பார்த்த அதே உருவம்! உயிரோடு இருக்கிறவன் உடம்பில் இது உண்டா என்று பார்த்தால்தான் செத்த மிச்சமா, உயிர்க் கிருமியா என்ற வழக்கு தீரும் என்பது புரிந்தது.

ஜூன் 17-ந் தேதி. பெரியாஸ்பத்திரியில் 12 வயதுப் பையன் ஒருவன். விட்டு விட்டுக் காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். அவன் விலாவுக்குக் கீழே ஊசியைச் செலுத்தி மண்ணீரலிலிருந்து நேராக ரத்தம் எடுத்தார் டோனவான்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. வீங்கிய மண்ணீரல் ரத்தம் நிரம்பிய பை மாதிரி. ஊசி உள்ளே இருக்கும்போது நோயாளி இருமினாலோ நெளிந்தாலோ பை கிழியும். வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி ஆள் போய்விடுவான். அந்த ஆபத்து இன்றைக்கும் உண்டு. அதனால்தான் இப்போது எலும்பு மஜ்ஜையில் எடுத்தும், விரல் நுனி ரத்தத்திலும் சோதிக்கிறார்கள்.

கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இருந்தது! உயிருள்ள உடம்பில் கையும் களவுமாகப் பிடிபட்டது கிருமி. ஜூலை மாதமே லண்டன் பத்திரிகையில் டோனவானின் குறிப்பு வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்குள் ஒளிந்த திருடன்

கிருமி ஒளிந்திருந்த இடம்தான் வேடிக்கை. உடம்பில் நுழைகிற கிருமிகளைப் பிடித்துத் தின்பதற்கென்றே சில அணுக்கள் உண்டு. உடம்புக்குள் இருக்கிற போலீஸ் என்று சொல்லலாம். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மூன்றிலும் இந்தப் போலீஸ் அதிகம். காலா அசார் கிருமி அவற்றுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துகிறது. அங்கேயே குட்டி போட்டுப் பெருகுகிறது. திருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்த கதை! அந்த அணுக்கள் பெருகப் பெருக ஈரல்கள் வீங்கும். தெருவில் தேடுகிற மாதிரி கையில் ரத்தம் எடுத்துத் தேடியவர்களுக்கு அது எப்படி அகப்படும்?

பெயருக்கு அடிதடி

டோனவான் கண்ணாடிகளை இரண்டு இடத்துக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்று பாரீஸில் லாவெரான் என்ற மேதைக்கு. மலேரியாக் கிருமியை முதலில் பார்த்தவர் அவர்தான். இன்னொன்று ராஸுக்கு, யார் இதை மலேரியா என்று எழுதினாரோ அவருக்கே!

லாவெரான் தன் சகாவோடு சேர்ந்து டோனவான் பெயரைக் கிருமிக்குச் சூட்டினார். ஆனால் அதை வேறொரு கிருமிக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ராஸ் பார்த்துவிட்டு, இது மலேரியாவும் இல்லை, இதுவரை பார்த்த எதுவும் இல்லை, புது ஜாதி என்று நவம்பரில் எழுதினார். நாலு வருஷம் முன்னால் தான் கொடுத்த தீர்ப்பையே மாற்றி எழுதினார். நோபல் வாங்கின கை அப்படி எழுதியது பெரிய விஷயம்தான்.

ஆனால் யார் முதலில் கண்டது என்ற சண்டை கிளம்பிவிட்டது. ஏப்ரல் மாதமே, லண்டன் கட்டுரை வருவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன் என்பது டோனவான் கட்சி. அச்சில் முதலில் வந்தது லீஷ்மேனுடையது என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே உண்மை. ராஸ் செய்த பஞ்சாயத்து நாட்டாமைத் தீர்ப்பு மாதிரி. லீஷ்மானியா டோனவானி என்று இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கிருமிக்கு வைத்துவிட்டார். மாணவர்கள் மனப்பாடம் செய்கிற எல்.டி. பாடி என்பதும் லீஷ்மேன் டோனவான் என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துத்தான்.

நியாயமாகப் பார்த்தால் டோனவானுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. உயிருள்ள நோயாளியிடமிருந்து எடுத்துக் காட்டிக் கேஸை நிரூபித்தவர் அவர். ஆனால் பெயரில் முன்னால் நிற்பது லீஷ்மேன். போதாததற்கு, தெருக்கோடி லேப்பில்கூட ரத்தம் பார்க்க ஊற்றுகிற ஊதாச் சாயத்துக்கும் லீஷ்மேன் பெயர்தான்.

நாய்மேல் சந்தேகம்

1905-ல் டோனவான் இன்னொரு கிருமியையும் பிடித்தார். மறைவிடத்தில் புண் உண்டாக்கும் ஒரு பால்வினை நோய்க்கிருமி அது. அந்த நோய்க்கே டோனவானோசிஸ் என்று பெயர் வந்தது.

ஆனால் காலா அசாரை ஆளிடமிருந்து ஆளுக்குக் கடத்துவது யார் என்பதில் அவர் கோட்டை விட்டார். தெருநாயையும், ரத்தம் குடிக்கும் ஒரு வகை மூட்டைப்பூச்சியையும் சந்தேகப்பட்டார். 1909-ல் அதைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். இரண்டுமே நிரபராதி. நிஜக் குற்றவாளி மணல் ஈ. கொசுவைவிடச் சிறியது, ஈரச் சுவர் விரிசலில் ஒண்டிக் கிடப்பது. இதைச் சந்தேகம் அறத் தெரிந்துகொள்ள 1942 வரை ஆனது. அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூன்று பேர், தாமாக முன்வந்த ஐந்து பேரை மணல் ஈக்களைக் கடிக்கவிட்டு நிரூபித்தார்கள். ஐவருக்கும் நோய் கண்டது.

மருந்தும் டோனவான் கையால் வரவில்லை. கல்கத்தா கேம்பல் மருத்துவப் பள்ளியில், கரண்டும் கேஸும் இல்லாத ஒரு சின்ன அறையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற வாத்தியார் டாக்டர் 1920-ல் யூரியா ஸ்டிபமைன் மருந்தைச் செய்தார். செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1929-ல் அவர் பெயர் நோபலுக்குப் பரிந்துரை ஆனது. பரிசு வரவில்லை.

அதே 1920 வாக்கில் டோனவான் சென்னையை விட்டுக் கிளம்பினார். லெப்டினன்ட் கர்னல் அந்தஸ்தோடு ஓய்வு. பிறகு கையில் எடுத்தது பட்டாம்பூச்சி வலை! சென்னையில் இருக்கும்போதே அவருக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம் உண்டு. 1936-ல் அயர்லாந்து நாட்டுப் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் புத்தகமே போட்டார்.

மலேரியாவை ஒழிக்க 1950-களில் வீடு வீடாக அடித்த டிடிடி மணல் ஈயையும் சேர்த்துக் கொன்றது. காலா அசார் ஏறக்குறைய ஒழிந்தது. மருந்தடிப்பை நிறுத்தியதும் 1970-களில் பீகாரில் மறுபடி தலை தூக்கியது. 2023-ல் வங்கதேசம் இந்த நோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகத்தில் முதலில் அந்தப் பெயரை வாங்கிய நாடு அதுதான்.

டோனவான் 1951 அக்டோபர் 29-ந் தேதி இங்கிலாந்தில், குளோஸ்டர்ஷயர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலமானார். அவருக்கு வயது 88.