ஆட்ட ஏட்டில் ஏறாத கணக்கு

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே சில எண்களை எழுதி வைப்பது வழக்கம். பெற்ற புள்ளிகள் எத்தனை. கூடையில் விழாது எகிறி வந்த பந்தைத் தாவிப் பற்றிய ரீபவுண்டுகள் எத்தனை. தோழர் புள்ளி பெறப் பந்தை எடுத்துக் கொடுத்த அசிஸ்டுகள் எத்தனை என்பனவே அவை. 1958 மார்ச் 15 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஆட்டத்தின் ஏட்டில், மாரிஸ் ஸ்டோக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே 12 புள்ளி, 15 ரீபவுண்டு என்று காணப்படுகிறது. நல்ல ஆட்டந்தான். ஆனால் அதுவே அவருடைய இறுதி ஆட்டமாயிற்று.

ஸ்டோக்ஸ் 1933 ஜூன் 17 அன்று பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ராங்கின் என்னும் ஊரில், கறுப்பின ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் எஃகு ஆலைத் தொழிலாளி; தாயார் பிறர் இல்லங்களில் வேலை செய்தவர். செயிண்ட் பிரான்சிஸ் என்னும் சிறிய கல்லூரி ஒன்றில் பயின்று, அதன் பெயரை நாடறியச் செய்தார். 1955-இல் ராயல்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே புதிய ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் என்னும் விருது அவரை வந்தடைந்தது. ஒரே ஆட்டத்தில் 38 ரீபவுண்டு எடுத்ததும் அவ்வாண்டுதான். அடுத்த பருவத்தில் 1,256 ரீபவுண்டு எடுத்தார். அதுவரை எவரும் ஒரு பருவத்தில் அத்தனை எடுத்ததில்லை. மூன்றே ஆண்டுகளில் 202 ஆட்டங்கள், 3,315 புள்ளிகள், 3,492 ரீபவுண்டுகள், 1,062 அசிஸ்டுகள்.

1958 மார்ச் 12 அன்று மினியாபோலிஸ் நகரில் ஆடுகையில் கீழே விழுந்தார். தலையில் அடிபட்டு நினைவிழந்தார். மருந்து முகரச் செய்து எழுப்பினர். எழுந்து மீண்டும் ஆடினார். மூன்றாம் நாள் டெட்ராய்ட்டிலும் ஆடினார். ஏட்டிலிருந்த எண்களில் குறை ஏதும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து விமானத்தில் திரும்பும்போது வலிப்புக் கண்டு, நினைவற்றுப் போனார். மீண்டும் கண் விழித்தபோது அறிவு தெளிவாயிருந்தது, உடல் அசையவில்லை, வாய் பேசவில்லை. அப்போது அவருக்கு வயது 24.

அக்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. மருத்துவச் செலவோ மலைபோல் வளர்ந்தது. குடும்பத்தார் தொலைவில் பிட்ஸ்பர்க்கில் இருந்தனர். அவர் படுத்திருந்ததோ சின்சினாட்டியில். அவர் பெயரால் கையெழுத்திடவும் பணம் எடுக்கவும் சட்டப்படி ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை ஜாக் ட்வைமன் ஏற்றார். அவரும் பிட்ஸ்பர்க்காரர், அதே 1955-இல் அதே அணியில் சேர்ந்தவர், வெள்ளையர், அப்போது அவருக்கு வயது 23.

நண்பருக்காக அவர் வாதாடித் தொழிலாளர் நட்டஈடு பெற்றுத் தந்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவர, வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். இவ்விதம் இருவரும் உரையாடினர். ஆண்டுதோறும் கோடையில் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பெரும் ஆட்டக்காரர்களைத் திரட்டி, உதவி நிதிக்காக ஆட்டம் நடத்தினார் ட்வைமன். இத்தனைக்கும் இடையே, 1959-60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 புள்ளி பெற்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஸ்டோக்ஸ் சலியாது பயிற்சி செய்து சிறிது சிறிதாக உடலை அசைக்கக் கற்றார். 1970 ஏப்ரல் 6 அன்று மாரடைப்பால் காலமானார், வயது 36. 2004-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டபோது, அவர் சார்பில் அந்தச் சிறப்பைப் பெற்றுக்கொண்டவரும் ட்வைமனே. 2013 முதல், சிறந்த அணித்தோழருக்கான விருது இவ்விருவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

நண்பர்களே! நாமும் பெற்றோரையும் உற்றாரையும் தொலைவில் விட்டு இங்கு வந்து பயில்கிறோம். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் அடுத்த அறைத் தோழன்தான். அவன் பெற்ற மதிப்பெண்கள் நமக்குத் தெரியும். அவன் வீட்டு முகவரி நமக்குத் தெரியுமா? இன்று மாலையே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.