கதர் அங்கி டாக்டரும் வாரம் ஒரு நாள் மருந்தும்

காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்காது. மணிக்கட்டு வீங்கி, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் கோணிப் போய்விடும். இதுதான் முடக்குவாதம். வயதான காலத்தில் எலும்பு தேய்ந்து வரும் முழங்கால் வலி வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் மேல் பாய்வதால் வரும் நோய். இளம் வயதினரையும் பிடிக்கும். பெண்களையே அதிகம் பிடிக்கும்.

இதற்கு உலகெங்கும் டாக்டர்கள் முதலில் நாடும் மருந்து மெதோட்ரெக்சேட். அது பிறந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் சென்னையில் வைத்தியம் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை தேறியவர்

1895 ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் ரெவினியூ இலாகாவில் சொற்பச் சம்பளக்காரர். பையனுக்கோ படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார்! தாயார் விடவில்லை; பிடித்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷனில் அவர் தேறியது மூன்றாம் முறை, சென்னை இந்து ஹைஸ்கூலில். பிறகு சந்நியாசியாகப் போக நினைத்தார். அதற்கும் தாயார் சம்மதிக்கவில்லை. கல்யாணம் நடந்தது, மாமனாரின் உதவியோடு சென்னை மெடிக்கல் காலேஜில் படித்தார்.

அந்நியத் துணியை விடும்படி காந்திஜி சொன்ன காலம் அது. ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியோடு போனார் மாணவர். சர்ஜரி புரொபசரான வெள்ளைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

வீட்டிலும் இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துக் கிராணியில் மாண்டனர். தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி ஆளை உருக்கும் நோய் அது. சுப்பாராவையும் அது பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை

பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹார்வர்டில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். படித்த டாக்டர், ஆஸ்பத்திரியில் இரவுச் சிப்பந்தியாக வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாக மனைவி சேஷகிரியிடம் சொல்லிப் போனவர், திரும்பவே இல்லை. அந்த அம்மாள் கொடுத்த விலையை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து வகுத்தார். அது இருவர் பெயராலும் வழங்குகிறது. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் கிட்டவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவரது கோஷ்டி 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற கிராணிக்கு அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அதே கூடத்தில் பிறந்ததுதான்.

அடுத்து, போலிக் அமிலத்துக்கே ஒரு போலியைச் செய்தார்கள். பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும்; ஆனால் வேலை செய்யாது. அது வந்து இடத்தை அடைத்துக்கொண்டால், உடலின் உயிரணுக்கள் பெருக முடியாது. அமினாப்டெரின் என்ற அந்த மருந்தை ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-ல் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அதைச் சற்றே மாற்றிச் செய்ததுதான் மெதோட்ரெக்சேட்.

அதே 1948 ஆகஸ்டில், 53-வது வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார்.

கிழமை தவறினால்...

1951-லேயே முடக்குவாதக்காரர்களுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார்கள். ஆனால் அப்போது கார்ட்டிசோன் வந்து எல்லோர் கண்ணையும் பறித்திருந்தது. அதன் தீங்குகள் தெரிந்து, மெதோட்ரெக்சேட்டை முறைப்படி சோதித்து, அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அனுமதித்தபோது வருஷம் 1988!

புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுப்பதை, முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஏழரை மில்லிகிராமிலிருந்து 25 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். கவனியுங்கள்: வாரத்துக்கு! எலும்பு மஜ்ஜையிலும் வாயிலும் குடலிலும் உயிரணுக்கள் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கின்றன. இடையில் உள்ள நாட்களில் அவை தேறிக்கொள்ளும். தினமும் விழுங்கினால் தேற நேரமே இல்லை. வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், தொற்று நோய் வந்து உயிரே போகலாம். பிளட் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தினசரி சாப்பிடுகிற வீட்டில், இதையும் அப்படியே சாப்பிட்டு மாண்டவர்கள் உண்டு. இந்தத் தவறு ஓயவில்லை என்று கண்டு, 2019-ல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் புதிய கட்டுப்பாடுகள் விதித்தது. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

மருந்தின் உபத்திரவத்தைத் தணிக்க டாக்டர்கள் கூடவே எழுதிக் கொடுப்பது எது தெரியுமா? அந்தப் பழைய போலிக் அமிலமேதான்! அதைப் பெரும்பாலும் வேறொரு நாளில் சாப்பிடச் சொல்வார்கள். மூட்டுக்குக் கிடைக்கும் பலன் அதனால் கெடுவதில்லை. சில கம்பெனிகளின் மாத்திரைகளில் இரண்டுமே சிறிதாய், மஞ்சளாய் இருக்கும். அட்டையில் உள்ள பெயரைப் படிக்காமல் எடுக்கக் கூடாது.

பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். பொறுமையிழந்து கூட்டிச் சாப்பிடக் கூடாது. ரத்தம், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் டாக்டர் சொன்ன தவணையில் சோதித்துக்கொள்ள வேண்டும். மது ஆகாது. கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது. குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சிரைப்பு கண்டால் அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைக் காட்டிவிட வேண்டும். சர்வசாதாரணமாகக் கொடுக்கும் கோட்ரிமாக்சசோல் மாத்திரையும் போலிக் அமிலத்தின் வழியையே மறிப்பது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.